பெருக்கல் போட்ட சட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு,

நான் உன்மேல் சுத்தியலை வீசினேன் என்று சங்கத்தில் பேசிக்கொள்வதாக உன் மனைவி என் மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். முதலாவது, அது சுத்தியல் அல்ல, கொட்டாப்புளி. மரவேலைச் சங்கத்துச் செயலர் வீட்டிலேயே இரும்பில் செய்ததற்கும் மரத்தில் செய்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? இரண்டாவது, நான் வீசவில்லை. மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அது உருண்டு போய் உன் காலில் விழுந்தது என்றால் அதற்கு மேசையின் சரிவுதான் காரணம். அந்த மேசையைச் செய்தவன் நீ.

மூன்றாவது, நான் சங்கத்தை விட்டு விலகவில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இது முன்பே முடிவானது. கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போனதாகக் கதை கட்ட வேண்டாம். என் சன்னலோர மேசை இருக்கும் இடத்தில் பல் டாக்டர் தன் கடைசல் இயந்திரத்தை வைக்கப் பார்க்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். வைக்கக் கூடாது என்று சொல். என் மேலங்கி இன்னும் அங்கேதான் ஆணியில் தொங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தைகள் காப்பகத்துக்கு நாம் செய்து கொடுத்த, ஏணியில் ஏறி உட்கார்ந்து படிக்கும் வாசிப்பு மேடையின் மேல்தட்டில், கைப்பிடியாக மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ளே வெடித்தவை. அன்று நீ கொண்டுவந்து இறக்கிய சட்டங்களை நான்தான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வெடிப்பு உள்ளவற்றின் மேல் நீலச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டும் போனேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால், மேடை வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு காப்பகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கழிவுப் பெட்டியிலோ நான் பெருக்கல் போடாத நல்ல சட்டங்கள் கிடக்கின்றன! பல் டாக்டர் அவற்றை அறுத்துச் சாவி மாட்டும் பலகை செய்துகொண்டிருக்கிறார். நல்லது இங்கே கிடந்தால் மேடையில் இருப்பது எது? இதைத்தான் கேட்டேன். அதற்குச் சங்கமே கூடி நிற்கையில் நீ சொன்ன பதில்: "கண்ணு சரியாகட்டும் அண்ணி, அப்புறம் பேசிக்கலாம்."

கொட்டாப்புளி அதற்குப் பிறகுதான் மேசைக்கு வந்தது.

அந்த மேல்தட்டு என் தோள் உயரம். அளவெடுக்கப் போன அன்று, முன்பல் விழுந்த ஒரு சிறுமி என் பக்கத்திலேயே நின்றது உனக்கு நினைவிருக்கும். "அது மேல ஏறி நான் எல்லாரையும் கூப்பிடுவேன்" என்றாள். எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். நானும் நீயும் இழுத்துப் பிடித்திருந்த அளவு நாடாவின் மேல் வயிற்றைச் சாய்த்து, இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப, கத்திக் காட்டினாள். நாடா கீழே போயிற்று. நல்லவேளையாக நான் அவள் சட்டையைப் பிடித்துவிட்டேன். கைப்பிடி என்று ஒன்று இருந்தால் குழந்தைகள் அதைப் பிடிக்க மாட்டார்கள் தம்பி, அதன்மேல் சாய்வார்கள்.

இருபதாம் தேதி திறப்பு விழா. அதற்குள் கைப்பிடியைக் கழற்றிப் பார். நேற்று இதைத் தொலைபேசியில் சொன்னபோது "சரி அண்ணி" என்றாய். உன் "சரி அண்ணி"யை நீ அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 8, சனி

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மேசை சரிவுதான், ஒப்புக்கொள்கிறேன். கட்டைவிரல் வீக்கம் வடிந்துவிட்டது, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சுத்தியல் இல்லை, கொட்டாப்புளி என்று எல்லாரிடமும் திருத்திச் சொன்னேன். இப்போது "அண்ணி கொட்டாப்புளியை வீசுனாங்க" என்று சரியாகச் சொல்கிறார்கள்.

மேடை விஷயமாக நீங்கள் கவலைப்பட வேண்டாம். காப்பகத்து அம்மா பார்த்துவிட்டு அப்படிச் சந்தோஷப்பட்டார். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, அதில் நம் சங்கத்தின் பெயர் இருக்கிறது. இதுவரைக்கும் நம் சங்கம் செய்ததெல்லாம் என்ன அண்ணி? குருவி எட்டிப் பார்க்காத குருவிக்கூடு. உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கும் பூங்கா பெஞ்சு. நூலகத்துக்குச் செய்த அலமாரியில் நூலகர் தன் குடையை மட்டும்தான் வைக்கிறார். முதல் தடவையாக ஒருத்தர் நம்மைத் தேடி வந்து கேட்டுச் செய்தது இந்த மேடை. இப்போது போய், கைப்பிடியைக் கழற்ற வேண்டும், வண்ணத்தைச் சுரண்ட வேண்டும் என்று நின்றால், அடுத்து ஒரு முக்காலிகூட நம்மிடம் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் சொன்னபடிதான் செய்தோம். எள்ளளவும் மாற்றவில்லை. இது சத்தியம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. போன மாதம் பசை டப்பா என்று நினைத்து வார்னிஷ் டப்பாவில் தூரிகையை விட்டீர்கள். அதற்கு முந்தி, நம் சங்கத்துத் தையற்காரரின் பேத்தி என்று நினைத்து அவர் மனைவியிடமே "எந்த வகுப்புப் படிக்கிறாய்" என்று கேட்டீர்கள். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார், அது வேறு. நான் இதையெல்லாம் யாரிடமும் பெரிதுபடுத்தவில்லை. கண்ணில் திரை விழுந்திருக்கும்போது மரத்தில் வெடிப்பு தெரிவது சகஜம்தானே? கண் சரியானதும் நீங்களே வந்து பாருங்கள். பல் டாக்டர் மேசையைப் பற்றி ஏதோ பேசினார், அது சும்மா பேச்சு. உடம்பைக் கவணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து விஷயத்தில் கவணம்.

உங்கள் தம்பி


மார்ச் 11, செவ்வாய்

தம்பிக்கு,

"கவணம்" அல்ல, "கவனம்". கவண் என்பது கல்லெறியும் கருவி. நான் எதையும் எறிகிறவள் அல்ல என்று போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

நேற்று கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ண வச்சுக்கிட்டா ரம்பம் புடிச்சீங்க?" என்று கேட்டார். மகள் பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் கத்திகள் இருக்கும் இழுப்பறையை மட்டும் மேல் தட்டுக்கு மாற்றினாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். அந்த அளவுக்குத் தெரிகிறது.

நீ எழுதிய வார்னிஷ் டப்பா உண்மைதான். தையற்காரர் மனைவியும் உண்மைதான். நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. வெடித்தது எது, முழுசு எது என்று நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேனோ? இங்கே கூடத்தில் உட்கார்ந்து அன்றைய பொழுதை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். சாக்கட்டியை எந்தக் கையில் பிடித்தேன் என்பதுவரை நினைவு வருகிறது. மாற்றிப் போடவில்லை.

உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்; சொல்லாமல் இனி முடியாது. அந்தச் சட்டங்களை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. நீங்கள் எல்லாரும் இருந்ததால், பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், அவ்வளவுதான். பிறகு ஒரு முனையை இரண்டு விரலில் தொங்கவிட்டு, நடுவில் விரல்முட்டியால் தட்டிக் கேட்டேன். முழுச் சட்டம் "டங்" என்று நீளமாகப் பேசும். உள்ளே வெடித்து விட்டுப்போன சட்டம் "டொக்" என்று வாயை மூடிக்கொள்ளும். நான் படித்த கான்வென்ட் பள்ளியில் பாட்டுக் குழுவில் யாராவது சுருதி விலகினால், சிஸ்டர் முதலில் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். யார் என்று நான் கண்ணாலேயே காட்டிக்கொடுப்பேன். அதற்காக என்னிடம் பேசாமல் இருந்தவர்கள் பலர். நான் காட்டியது ஒரு தடவையும் தப்பவில்லை.

ஆக, என் கண்ணை நீ நம்ப வேண்டாம். கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழிவுப் பெட்டியில் கிடந்த ஒன்றை எடுத்து அன்று நான் தட்டினேனே, அது கோயில் மணி மாதிரிப் பேசிற்று. அதைக் கேட்ட பிறகுதான் மேடையில் இருப்பது எது என்று உன்னைக் கேட்டேன்.

இப்போது நீ தட்டிப் பார்க்கலாம் என்று போகாதே. இரண்டு முனையும் பசையில் மாட்டிய சட்டம் எதுவும் பேசாது. கழற்றத்தான் வேண்டும்.

இங்கே நான் எதைக் கண்டாலும் தட்டுகிறேன். மாடிப்படிக் கைப்பிடி, பால்கனிக் கம்பி, நாற்காலிக் கை எதையும் விடவில்லை. "யாரோ கதவத் தட்டுறாங்கன்னு மூணு தடவ எந்திரிச்சுப் போனேன் அத்தை" என்கிறார் மாப்பிள்ளை. எதிர்வீட்டு பால்கனியில் ஒரு குழந்தை கம்பியில் ஏறி நின்று பூனையைக் கூப்பிடுகிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டேன்.

"நீங்கள் சொன்னபடிதான் செய்தோம்" என்று சத்தியம் வேறு செய்திருக்கிறாய். நீ பொய்ச் சத்தியம் செய்கிறவன் அல்ல. அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் சொன்னபடி செய்திருந்தால் நல்ல சட்டங்கள் கழிவுப் பெட்டிக்கு எப்படிப் போயின? அன்று என் வாயிலிருந்து என்ன வந்தது? உனக்குப் புரிந்ததை எழுதாதே. நான் சொன்ன வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே எழுது.

பதின்மூன்றாம் தேதி அறுவைச் சிகிச்சை. உன் பதில் வரும்போது கட்டுப் போட்டிருப்பார்கள். பரவாயில்லை, இன்னொரு கண் இருக்கிறது. பெரிய எழுத்தில் எழுது.

அண்ணி


மார்ச் 15, சனி

அண்ணி அவர்களுக்கு,

கண் நல்லபடியாக முடிந்தது என்று மகள் சொன்னாள். நிம்மதி. பெரிய எழுத்தில் எழுதுகிறேன், காகிதம் அதிகம் ஆகும்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நேற்று பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். "இதுல சாயுங்க டாக்டர்" என்றேன். "நான் எதுக்குய்யா சாயணும்?" "நீங்க தாங்குனா யானை தாங்கும்." அவர் மேடைக்கு வெளியே நின்றபடியே கைப்பிடியில் முதுகைச் சாய்த்தார். தாங்கியது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது. புதுசாகப் பூசிய வண்ணம், காயும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்றார் டாக்டர். பிறகு அந்த அம்மா டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். ஆகவே பயம் வேண்டாம்.

நீங்கள் தட்டிக் கேட்டுத்தான் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் என்ன சிரித்துவிடவா போகிறேன்? சரி, சிரித்திருப்பேன். அப்புறம் நானும் தட்டிப் பார்த்திருப்பேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "பெருக்கல் போட்டதெல்லாம் நான் ஒதுக்கினது. மத்ததோட கலந்துடாதே." அவ்வளவுதான். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள்.

நான் கலக்கவே இல்லை. நீங்கள் ஒதுக்கியதை மட்டும் எடுத்து அன்றைக்கே மேடைக்குத் தனியாக வைத்தேன். ஐந்து சட்டம், கைப்பிடிக்குச் சரியாக ஐந்துதான் வேண்டும், "அண்ணி கணக்குன்னா கணக்குதான்" என்று தையற்காரரிடம்கூடச் சொன்னேன். வாழ்க்கை முழுக்கக் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். பெருக்கல் போட்ட பெட்டி வண்டியில் ஏறும், போடாதது ஓரமாகக் கிடக்கும். இதில் எனக்குத் தப்பே வராது. அதனால்தான் அடுத்த வாரம் நீங்கள் வந்து, பெருக்கல் போடாததைக் கையில் எடுத்து "இதுதான் நல்லது" என்றபோது, பாவம், எதில் போட்டோம் என்றே மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதைத்தான் கண்மேல் பழி போட்டுச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கவனமாக இருங்கள். இந்தத் தடவை சரியாக எழுதியிருக்கிறேனா?

தம்பி


மார்ச் 18, செவ்வாய்

தம்பி,

வரிகள் ஏறி இறங்கும். ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வருமுன் மகள் உன்னைத் தொலைபேசியில் பிடித்திருப்பாள். "மேடையில் ஒரு குழந்தையையும் ஏற்றக் கூடாது, கைப்பிடியை இன்றே கழற்று" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். நீ எடுக்காவிட்டால் உன் மனைவியிடம், அவளும் எடுக்காவிட்டால் காப்பகத்துக்கே நேராகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். காரணத்தை நான் எழுதுகிறேன். இது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒதுக்கினது.

உன் கடிதத்தில் அந்தச் சொல்லைப் படித்ததும்தான் மகளைக் கூப்பிட்டேன். நான் ஒதுக்கினது என்றால், வேண்டாம் என்று தள்ளியது. சாதியை விட்டு ஒதுக்கினார்கள், வீட்டை விட்டு ஒதுக்கினார்கள் என்கிறோமே, அந்த ஒதுக்கல். நீ கேட்டதோ, இதற்கென்று எடுத்து வைத்தது. இருக்கை ஒதுக்கினார்கள், அறை ஒதுக்கினார்கள் என்கிறோமே, அந்த ஒதுக்கல். மாப்பிள்ளையிடம் அகராதி இருக்கிறது. மகளைப் படிக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே சொல்லின் கீழே, ஒன்றை அடுத்து ஒன்று இருக்கின்றன. இத்தனை வருஷம் மற்றவர்களின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பெருக்கலும் அப்படியே. உன் கிடங்கில் பெருக்கல் போட்ட பெட்டி ஏறும். என் பள்ளியில் சிஸ்டரின் சிவப்புப் பென்சில் பெருக்கல் போட்டால் அந்தக் கணக்கு விழுந்தது. அந்த ஐந்தும் எனக்கு விழுந்தவை. உனக்கு ஏறியவை.

நீ மாற்றிச் செய்யவில்லை. நானும் மாற்றிச் சொல்லவில்லை. வெடித்த சட்டங்கள் ஐந்தும் குழந்தைகள் சாயும் இடத்தில் இருக்கின்றன. டாக்டர் சாய்ந்தபோது நீ கேட்டது வண்ணத்தின் சத்தம் அல்ல. வண்ணம் சத்தமில்லாமல் காயும்.

நாளை மறுநாள் விழா. எழுதிக்கொண்டிருக்கும்போதே கட்டுப் போட்ட கண்ணில் நீர் வருகிறது. வரக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். நிறுத்துகிறேன்.

அண்ணி


மார்ச் 22, சனி

அண்ணி அவர்களுக்கு,

மகள் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். முழுதாக நான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்தில் இருந்தால்தான் திருப்தி.

செவ்வாய் சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது "சரிம்மா" என்றேன். "சித்தப்பா, அந்த 'சரி' வேணாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றாள். மறுநாள் காலையிலேயே டாக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். காப்பகத்தில் வாசல் வரைக்கும் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நாற்காலிமேல் நின்றபடியே கேட்டார்:

"நாளைக்கு விழா. இன்னைக்கு வந்து பிரிக்கணும்ங்கிறீங்க?"

"ஒரு சட்டம் மட்டும் பாக்கணும்மா."

"அஞ்சு நாள் முன்னாடி சாஞ்சு பாத்து நல்லாருக்குன்னு சொன்னது நீங்கதானே? டீயும் குடிச்சீங்க."

டாக்டர்தான் சமாளித்தார். "இது பல்லு மாதிரிம்மா, வெளிய வெள்ளையா இருக்கும். உள்ள என்னன்னு எடுத்தாத்தான் தெரியும்" என்றார். அவர் தொழில் பேச்சு அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது.

முதலில் ஒரு சட்டத்தில் உப்புத்தாளைத் தேய்த்தேன். வெள்ளை போகப் போக அடியில் நீலம் தெரிந்தது. உங்கள் பெருக்கல் அண்ணி. அதைப் பார்த்த பிறகும், அண்ணி காதும் தப்பாக இருக்கலாமே என்று ஒரு ஆசை எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அறுத்து எடுத்து, இரண்டு குட்டி நாற்காலிகளுக்குக் குறுக்கே வைத்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்தினேன். பலமே போடவில்லை. பிஸ்கட் மாதிரி முறிந்தது. உள்ளே நீளவாக்கில் கறுத்துப் போயிருந்தது.

அந்த முன்பல் இல்லாத சிறுமி எப்போது வந்தாளோ, கைதட்டிக்கொண்டு, "தாத்தா, இன்னொண்ணு ஒடைங்க!" என்றாள். அந்தக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர்தான் மற்றதை அறுத்தார். நாலு முறிந்தது. ஐந்தாவது எவ்வளவு அழுத்தியும் முறியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிட்டேன்.

விழா நடந்தது. மேடையைச் சுற்றிக் கயிறு கட்டி, வந்த பெரிய மனிதர் புத்தக அலமாரிக்கு நாடா வெட்டினார். பெயர் சொல்லும்போது நம் சங்கத்தை விட்டுவிட்டார்கள். விட்டதே நல்லது. போகும்போது அந்த அம்மா என்னிடம், "உங்க அண்ணி வந்து பாத்து சரின்னா புள்ளைங்கள ஏத்துவேன். நீங்க சொன்னா ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். புதுச் சட்டங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம். தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துத் தட்டிக் காட்டுகிறேன், கேட்டுச் சொன்னால் போதும்.

இன்று காலை சங்கத்தில் கூட்டம். பாதிப் பேர் என் காது சரியில்லை என்றார்கள், பாதிப் பேர் உங்கள் வாய் சரியில்லை என்றார்கள். யாரும் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. இனிமேல் எந்த மரத்திலும் பெருக்கல் போடக் கூடாது, "வேண்டும்", "வேண்டாம்" என்று முழுசாக எழுத வேண்டும் என்று முடிவு. தையற்காரர் "வேண்டும்" என்பதை எழுதி முடிப்பதற்குள் சட்டமே தீர்ந்துவிடும் என்கிறார். அப்புறம் உங்கள் மேசை விஷயமும் வந்தது. ரொம்ப நேரம் பேசி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து சன்னலோர மேசையை ஒதுக்கியாச்சு. டாக்டரும் கை தூக்கினார். கூட்டம் முடிய மதியம் ஆகிவிட்டது, தபால் எடுக்கும் நேரம், இத்துடன் முடிக்கிறேன்.

தம்பி


மார்ச் 26, புதன்

தம்பிக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு பால்கனிக் குழந்தை பூனையைக் கூப்பிடவில்லை. அது குழந்தையே அல்ல, ஒரு துணிப் பை. என் கையெழுத்து இத்தனை நாள் எப்படிக் கோணிக்கொண்டு போயிருக்கிறது என்பதும் இப்போதுதான் தெரிகிறது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் மட்டும் உன் "கவணத்தை"ப் பிடித்துக்கொண்டேன்.

நாலு முறிந்தது என்று படித்தபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று மகள் நினைத்தாள். "நீங்க சொன்னது சரியாப் போச்சேம்மா" என்றாள். சரியாகப் போனதில் என்ன சந்தோஷம் இருக்கிறது? "இன்னொண்ணு ஒடைங்க" என்ற குரல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கும் ஓடும். குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது சட்டத்தை எறிந்துவிடாதே. எனக்காக எடுத்து வை. அது ஏன் என்னிடம் வாயை மூடிக்கொண்டது என்று நான் கேட்டாக வேண்டும். தொங்கவிட்டுத் தட்டியபோது என் விரல் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கலாம். வெடிக்காத சட்டமானாலும் இறுக்கிப் பிடித்தால் அது பேசாது. அது என் பிழை என்றால் நானே எழுதித் தருகிறேன்.

புதுச் சட்டங்களைத் தொலைபேசியில் தட்டிக் காட்டுகிறேன் என்கிறாய். வேண்டாம். தொலைபேசியில் எல்லா மரமும் உன்னைப் போலவே "சரி அண்ணி" என்றுதான் சொல்லும். நேரில் வருகிறேன். தலையைக் குனிந்து வேலை செய்யலாம் என்று கண் டாக்டர் சொன்னதும் புறப்படுவேன். அதுவரை அந்தக் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்று காப்பகத்து அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிச் சொல். அந்தச் சிறுமி கயிற்றுக்குக் கீழே புகுந்து ஏறிவிடுவாள். ஏணியையும் கழற்றி வைக்கச் சொல்.

இனி, உன் கடிதத்தின் கடைசி வரிகள். புதுக் கண்ணாலும் பழைய கண்ணாலும் படித்துவிட்டேன். மகளிடம் காட்டினேன். "நல்லதுக்குத்தாம்மா எழுதியிருக்காரு" என்றாள். மாப்பிள்ளையும் அதையே சொன்னார். அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? சன்னலோர மேசையை எனக்கென்று வைத்திருக்கிறீர்கள் என்றும் அதைப் படிக்கலாம். கடைசல் இயந்திரத்துக்கு இடம் வேண்டி மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள் என்றும் படிக்கலாம். பல் டாக்டர் கை தூக்கினார் என்று எழுதியிருக்கிறாய். எதற்குத் தூக்கினார் என்று எழுதவில்லை. பாதிப் பேர் என் வாய் சரியில்லை என்று சொன்ன கூட்டம் அது. ரொம்ப நேரம் பேசினீர்கள் என்கிறாய். எனக்குத் தருவதாக இருந்தால் அவ்வளவு நேரம் எதற்கு?

எதுவானாலும் நான் காப்பகத்துக்கு வருவேன், சட்டங்களைத் தட்டுவேன். அதில் மாற்றமில்லை. அங்கிருந்து சங்கத்துக்கு வந்து மேலங்கியை எடுத்து மாட்டிக்கொள்வதா, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்புவதா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

"ஒதுக்கியாச்சு" என்று எழுதியிருக்கிறாய். எனக்கா, என்னையா? எழுத்தில் பதில் அனுப்பு.

அண்ணி